நான்கில் ஒன்று

கரும்பலகையில் ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ என்று எழுதி முடிப்பதற்குள் எப்சிபாவின் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. வகுப்பில் அவள் எடுப்பதில்லை. தன் கருவைப் பரிசோதிக்கக் கொடுத்திருந்த மதுரை ஆய்வகத்தின் எண்ணைப் பார்த்ததும் வராந்தாவுக்கு வந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் தணிந்த குரலில் சொன்னாள்: “மேடம், இந்தக் கருவுக்கும் அதே நோய் இருக்கு. டாக்டர் நேர்ல வரச் சொல்றாங்க.”

எப்சிபா நன்றி சொன்னாள். உள்ளே போய், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதியில் நின்ற தலைப்பை எழுதி, அதன் கீழ் நிகழ்தகவுக் கணக்கு ஒன்றையும் போட்டு முடித்தாள். விடை சரியாகவே வந்தது.

கணவன் எபனேசர் அவளுக்குச் சொந்த அத்தை மகன். அவர்களுடைய மூத்த பிள்ளை யோவேல், கழுத்தே நிற்காமல், பத்தாம் மாதம் மூச்சுத் திணறி இறந்தான். இருவர் ரத்தத்திலும் அந்தக் குறை ஒளிந்திருக்கிறது, பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் எபனேசர் விரலை மடக்கி எண்ணினான்.

“அந்த ஒண்ணு யோவேலோட போயிட்டுல்லா. இனி வார மூணும் நல்லாத்தான் இருக்கும்.”

பிள்ளையைப் புதைத்த பிறகு அவன் முகத்தில் தெரிந்த முதல் தெளிச்சி அது. அப்படி எண்ணுவது தப்பென்று பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அன்று வாயைத் திறக்கவில்லை. போகப்போக, ஜெபத்தில் முழங்காலிடும்போது, அவன் கணக்கையே அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

சாயங்காலம், சாலை பிரியும் இலஞ்சி விலக்கில் எபனேசர் பைக்கோடு நின்றான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வீடுவரை தாங்காது என்று தோன்ற, அங்கனயே சொல்லிவிட்டாள்.

அவன் வண்டியின் எஞ்சினை அணைத்தான். பிறகு, “நாலுல ஒண்ணுன்னுதான சொன்னாவ?” என்றான்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒண்ணு அத்தான். முன்ன நடந்தது அதுல சேராது.”

“ஒனக்கு இது அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“பொறவு ஏம்ட்டி சொல்லல?”

குற்றாலத்துக்குப் போகும் வேன் ஒன்று பாட்டுச் சத்தத்தோடு கடந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்திருந்தவர்கள் சன்னல் வழியே கையசைத்தார்கள். எபனேசர் கைக்குட்டையை எடுத்து, அவள் உட்காரவேண்டிய பின்சீட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம் பூத்தது. பிழிந்துவிட்டு, அவள் முகத்தைப் பாராமல், திரும்பவும் துடைத்தான்.