எதிரணியிடம் ஓட்டுக் கேட்டவள்

பெர்னி நோவாக் என்னைத் தன் பாரிலிருந்து வெளியேற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேஸ்பால் சீசன் தொடங்கிய நாளில் சிகாகோ தொப்பியோடு உள்ளே போனேன். மில்வாக்கி தோற்றதும் எழுந்து நின்று கைதட்டினேன். "தொப்பியக் கழட்டு, இல்லன்னா கெளம்பு" என்றாள். கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு சிகாகோ ஜெயித்த மறுநாளெல்லாம் என் வேனை அந்தத் தெரு வழியாகவே ஓட்டிப் போய் ஹாரன் அடிப்பேன். அவள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தைத் தூக்கிக் காட்டுவாள்.

எங்கள் ஆல்டர்டன் அப்படிப்பட்ட ஊர். பழைய பாதி விஸ்கான்சின்காரர்களுடையது. ஏரிக்காற்றில் தோல் தடித்து, மில்வாக்கி தோற்றுத் தோற்றே வளர்ந்தவர்கள். தெற்கே சோளக்காட்டை அழித்துக் கட்டிய புதிய பாதியில் இருக்கிற நாங்களெல்லாம் சிகாகோ வாடகைக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் மாநில எல்லை தாண்டி வந்தவர்கள். நான் ஹீட்டர், ஏசி பழுது பார்க்கிறவன். பெயர் எஃப்ரெய்ன் சலாசர். என் மகள் இனெஸ் மேப்பிள் தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பள்ளியை மூடப்போகிறார்கள் என்ற செய்தி ஆகஸ்டில் வந்தது. பணம் இல்லை. வீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா என்று ஏப்ரலில் ஊரிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஊர் முடியாது என்று ஓட்டுப் போட்டது. நவம்பரில் இன்னொரு தடவை கேட்பார்களாம். அப்போதும் முடியாது என்றால் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளி நிர்வாகக் குழு ஏற்கெனவே நம்பிக்கை இழந்த குரலில்தான் பேசியது.

நாங்கள் சில பெற்றோர் என் வீட்டில் கூடினோம். துண்டுப் பிரசுரம் அடிப்பதா, வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசியிருப்போம். கடைசியில் எல்லோரும் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் மில்வாக்கி சட்டையில் பெர்னி.

"இது உன் வீடுன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. அப்படியே திரும்பிப் போகலாம்."

"வழி விடு. ஸ்கூல் மீட்டிங் இங்கதானே?"

அவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஏன் வந்தாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஒருவர், "எப்படியும் தோக்கத்தான் போறோம், பிள்ளைங்களுக்கு வேற ஸ்கூல் பாக்கறதுதான் புத்திசாலித்தனம்" என்றதும் அவள் முகம் சிவந்தது.

"ஆகஸ்ட்ல எங்க டீம் எட்டு மேட்ச் பின்தங்கிக் கிடக்கு. நான் கடையப் பூட்டிட்டேனா? ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துல ஏழாவதுலயே எழுந்து காரை எடுக்கப் போறவனைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இங்க ஒரு ரூம் முழுக்க அப்படி ஆளுங்களா இருக்கீங்களே! ஸ்கூல் இல்லாத ஊருக்கு யாரு குடி வருவா? பத்து வருஷம் கழிச்சு என் பார்ல நானும் நாலு கிழவங்களும்தான் ஒக்காந்திருக்கணும்."

"அந்தக் கிழவங்கதான் ஏப்ரல்ல வேண்டாம்னு போட்டாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு பீர் ஊத்திக் குடுக்கறதே நான்தானே. அவங்களை நான் பாத்துக்கறேன். உங்க ஆளுங்க கதை என்ன? தெற்குப் பக்கம் வீட்டுக்கு வீடு சைக்கிள் கிடக்கு, ஊஞ்சல் கிடக்கு. ஏப்ரல்ல எத்தனை பேர் ஓட்டுப் போட்டீங்க?"

பாதிப் பேர் விஸ்கான்சினில் வாக்காளராகப் பதிவுகூடச் செய்திருக்கவில்லை. நானும் அதில் ஒருவன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் திட்டம் எளிமையானது. சீசனின் கடைசி வார இறுதியில் மில்வாக்கியும் சிகாகோவும் மோதுகின்றன. பார் பக்கத்திலிருக்கும் கார் நிறுத்துமிடத்தில் பெரிய திரை கட்டுவாள். இரண்டு பக்க ரசிகர்களையும் கூப்பிடுவாள். நடுவில் பள்ளியைப் பற்றிப் பேசுவாள்.

"சிகாகோக்காரங்களையா? உன் இடத்துக்கா?" என்றேன்.

"வாந்தி வருது. ஆனாலும் கூப்பிடறேன்."

செப்டம்பர் முழுக்க நடந்ததை எங்கள் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். மில்வாக்கி ஜெயிக்க ஆரம்பித்தது. சிகாகோ சறுக்க ஆரம்பித்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இரண்டும் சமநிலையில் நின்றன. அன்று ஜெயிக்கிற அணிக்கு ப்ளேஆஃப் சுற்று, தோற்கிற அணிக்கு வீடு.

பெர்னியின் பாரில் அரசியல் பேசக் கூடாது என்பது அவள் அப்பா காலத்து விதி. அந்த வாரம் அவளே அதை உடைத்தாள். கல்லாவுக்குப் பின்னால் "மேப்பிள் தெருப் பள்ளிக்கு ஆம்" என்று அட்டை வைத்தாள். முதலில் எழுந்தவர் வெண்டல் க்ரூகர். எழுபதைத் தாண்டியவர், அவள் அப்பாவின் சிநேகிதர், அவளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அந்த வாரம் உதவிக்குப் போய் அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ஜோலீன் எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஏம்மா, நான் இங்க நிம்மதியா ஒரு பீர் குடிக்க வர்றேன். இங்கயும் வரி கேக்கறியா?"

"கேக்கறேன் வெண்டல்."

"என் பசங்க படிச்சு முடிச்சு, ஊரை விட்டே போயாச்சு. எனக்கு வர்றது பென்ஷன் ஒண்ணுதான். அந்த எல்லை தாண்டி வந்தவங்க பிள்ளைங்களுக்கு நான் எதுக்கு அழணும்? உங்க அப்பா இருந்திருந்தா இந்த அட்டையக் கிழிச்சுப் போட்டிருப்பாரு."

"எங்க அப்பா இருந்திருந்தா இந்நேரம் உங்களோட ரெண்டு சண்டை போட்டிருப்பாரு."

வெண்டல் காசை வைத்துவிட்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். பெர்னி அட்டையை எடுக்கவில்லை. அவர் குடித்த கிளாஸை ஜோலீனிடம் தராமல் தானே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாளாம்.

ஞாயிறு மதியம் கார் நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. நடுவில் கயிறு கட்டச் சொல்லியிருந்தாள். இடப்பக்கம் அவர்கள், வலப்பக்கம் நாங்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் அவளே வறுத்த சாஸேஜ் விற்றாள்.

"ஏய், உங்க ஊர்ல வெங்காயம் போடாம சாஸேஜ் திம்பீங்களா?" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"உங்க ஊர்லன்னு சொல்றியே, நீ எங்க ஊர்லதானே தூங்கற? ராத்திரி தூங்க மட்டும் விஸ்கான்சின் வேணுமா?" என்று அந்தப் பக்கம் பதில் வந்தது.

பிள்ளைகள் கயிற்றுக்குக் கீழே புகுந்து இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே பள்ளி.

ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் ஆட்டம் சமமாக நின்றது. பெர்னி பீர் பெட்டி ஒன்றின் மேல் ஏறினாள். கையில் மைக்.

"ரெண்டு நிமிஷம் கேளுங்க. அப்புறம் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கலாம்."

"வரி வேணும்னா சிகாகோவுக்கே போகச் சொல்லு!" என்று அவளுடைய ஆளே ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

"போயிடுவாங்கடா. ஸ்கூல் இல்லன்னா நிச்சயம் போயிடுவாங்க. அப்புறம் நீ யாரைத் திட்டுவ? ஜெயிச்சா யாருகிட்டப் போய்க் காட்டுவ? இதோ ஓடுதே, இந்தப் பொடிசுங்கள்ல பாதி மில்வாக்கி, பாதி சிகாகோ. பஸ்ல ஏத்தி வேற ஊருக்கு அனுப்பினா அங்க போய் ரெண்டும் இல்லாம வளரும். எனக்குப் பிள்ளை இல்ல. என் வரியும்தான் ஏறும். கட்டறேன். நவம்பர்ல வந்து ஆம்னு போடுங்க. அவ்வளவுதான்."

கைதட்டல் பெரிதாக இல்லை. எங்கள் பக்கம் கொஞ்சம், அவர்கள் பக்கம் அதைவிடக் கொஞ்சம். பெட்டியிலிருந்து இறங்கியவள் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வெண்டல் தன் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். பெர்னி ஒரு பீரை எடுத்துக்கொண்டு போனாள். மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

"நல்லாத்தான் பேசின" என்றார் வெண்டல், பீரை வாங்காமல். "ஒண்ணு மட்டும் சொல்லு. வரி ஏறினா இந்தக் குளிர்காலத்துல என் வீட்டு ஹீட்டருக்கு யார் காசு குடுப்பா?"

பெர்னி பீரை நீட்டியபடியே நின்றாள். "தெரியல வெண்டல். உங்களுக்குக் கஷ்டந்தான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப என் ஓட்டு வேண்டாம்னுதான்."

"சரி. பீராவது குடிங்க. சூடாயிடும்."

அவர் வாங்கிக்கொண்டார். வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் சிகாகோ ஆள் ஒருவன் அடித்த பந்து மில்வாக்கி மைதானத்தின் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. நான் துள்ளிக் குதித்ததில் செருப்பு எங்கோ பறந்தது. அடுத்த பாதியில் மில்வாக்கி மூன்று பேரும் வரிசையாக அவுட்; ஆட்டம் முடிந்தது, சிகாகோ ஜெயித்தது. எங்கள் பக்கம் கூத்தாடியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்கள்.

பெர்னி சாஸேஜ் அடுப்பின் பக்கத்தில் அசையாமல் நின்றாள். ஆகஸ்டில் எட்டு மேட்ச் பின்தங்கியிருந்தபோதும் விடாமல் நம்பிய பெண். என்னால் அவளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. பக்கத்தில் போனேன்.

"பெர்னி..."

"பேசாத. போய் ஆடு. பத்து நிமிஷம் ஆடிட்டு மேஜைக்கு வா." கண்ணில் நீர் நின்றது. குரலில் இல்லை. "உங்க ஆளுங்க இன்னைக்கு சந்தோஷமா இருக்காங்க. யார் எதைக் கேட்டாலும் செய்வாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள ஓட்டுக்குப் பதிய வைக்கணும். நாலு லேப்டாப் வச்சிருக்கேன். ஜோலீன் கிட்ட சொல்லிட்டேன்."

பிறகு பாருக்குள் போய், பீர் பீப்பாய் வைக்கிற குளிரறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் யாரும் போய்த் தட்டவில்லை. அவள் வெளியே வந்தபோது மேஜைக்கு முன்னால் வரிசை தெரு வரைக்கும் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாளி நிறைய ஐஸும் தண்ணீர் பாட்டில்களும் கொண்டுவந்து வரிசையில் நின்ற சிகாகோக்காரர்களுக்குக் கொடுத்தாள். ஒருவன் அவள் காதருகே போய்க் கெக்கலித்தான். "பதியறதுக்கு டிரைவிங் லைசென்ஸ வெளிய எடுத்தியா? எடு. அப்புறம் கத்து" என்றாள்.

அக்டோபரில் அவள் தன் பாரில் சிகாகோ ஆட்டங்களைப் போட்டாள். எங்கள் ஆட்களை உள்ளே வரவழைக்க வேறு வழியில்லை. அவளுடைய பழைய வாடிக்கையாளர்களில் பலர் அந்த மாதம் கால் வைக்கவில்லை. சிகாகோ இரண்டாவது சுற்றிலேயே வெளியேறியது. அன்று மட்டும் அவள் எல்லோருக்கும் இலவசமாகச் சீஸ் வறுவல் கொடுத்தாள்.

"இது ஆறுதலா, இல்ல கொண்டாட்டமா?" என்று கேட்டேன்.

"தின்னு."

மாலைகளில் நானும் அவளும் வீடு வீடாகப் போனோம். தோட்டத்தில் மில்வாக்கிக் கொடி இருந்தால் அவள் பேசுவாள், சிகாகோக் கொடி இருந்தால் நான். ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவை அறைந்து சாத்தினார்கள். அவள் மறுபடி தட்டினாள். "இவன் ஊமைன்னு நெனச்சுக்கோங்க. நான் பேசறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். திறந்தார்கள்.

நவம்பரில் பள்ளி ஜெயித்தது. மயிரிழையில். மறுபடி எண்ணச் சொன்னார்கள், எண்ணிய பிறகும் ஜெயித்தது. எண்ணி முடித்த அன்று இனெஸ் பள்ளி வாசலில் எதற்கென்றே தெரியாமல் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வந்த பணம் எல்லாவற்றுக்கும் போதவில்லை. இசை ஆசிரியர் வேலை போகும் என்று அதே வாரத்தில் நிர்வாகக் குழு சொல்லிவிட்டது.

"ஓட்டு வாங்கிக் குடுத்தது இதுக்கா?" என்றாள் பெர்னி. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவலுக்காகக் கூட்டம் நிறைந்திருந்தபோது, ஏப்ரல் தேர்தலில் நிர்வாகக் குழுவுக்கு நிற்கப்போவதாக கல்லாவிலிருந்தே அறிவித்தாள். இரண்டு இடம் காலி.

வாசல் கதவு திறந்தபடியே இருந்தது. பனியைத் தட்டிக்கொண்டு வெண்டல் உள்ளே வந்தார். அட்டைச் சண்டைக்குப் பிறகு அவர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை.

"நான் வேண்டாம்னுதான் போட்டேன்" என்றார்.

"தெரியும். மீன் வேணுமா?"

"வேணும்." உட்கார்ந்தார். "கேட்டுச்சு, நீ சொன்னது. நானும் நிக்கறேன். அந்தக் குழுவுல எங்க காசைக் கணக்குக் கேக்க ஆள் வேணும். நீ கேக்க மாட்ட, உனக்கு மனசு எளகிடும்."

சிலர் சிரித்தார்கள். பெர்னி சிரிக்கவில்லை. மீன் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"நில்லுங்க வெண்டல். ஆனா இசை டீச்சர் மேல கை வச்சீங்கன்னா உங்களை விட மாட்டேன்."

"பாப்போம்."

ஏப்ரலில் இருவரும் ஜெயித்தார்கள். பெர்னிக்கு என் பக்கத்து ஓட்டுகளும், வெண்டலுக்கு அவள் பக்கத்து ஓட்டுகளுமாக விழுந்தன. முதல் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வெண்டல் பஸ் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, எங்கே பணம் வீணாகிறது என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அதிகாரிகள் வியர்த்தார்கள். அவர் முடித்ததும் பெர்னி முன்னால் சாய்ந்து, "அவர் மிச்சம் பிடிச்ச காசை எங்க போடலாம்னு நான் சொல்றேன்" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.