பழைய விலைக்கு வரும்

…இன்னும் எவ்வளவு அகலமாகத் திறப்பது, உள்ளே ஏறி உட்காரப் போகிறானா இவன், கன்னம் ஏற்கெனவே காதைத் தொட்டுவிட்டது, விளக்கு வேறு விசாரணைக் கைதிக்குப் பிடிப்பதுபோல் நேராகக் கண்ணில் அடிக்கிறது, சரி, கைதிதானே, மனைவியின் தம்பி பல் டாக்டராகப் போய்விட்டால் ஒரு மனிதனுக்கு அது ஆயுள் தண்டனை, வேறு இடம் போனால் வீட்டில் மூன்று வேளையும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், இங்கே வந்தாலோ இவன் காசு வாங்க மாட்டான், சும்மா வாங்காமல் இருந்தாலாவது பரவாயில்லை, "உங்ககிட்ட போய் வாங்குவேனா மாமா" என்று வெளியே காத்திருக்கிற அத்தனை வீங்கின கன்னங்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவான், வரலாற்று வாத்தியாருக்கு என்ன சம்பளம் என்று இந்த ஊரில் எந்தக் கடவாய்ப்பல்லுக்குத்தான் தெரியாது… "மேல் வரிசைதான் மாமா, உடைஞ்சதைக் குடைஞ்சு எடுத்துடலாம், சின்ன ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்றான், எறும்பாம், எந்த எறும்புக்கு இவ்வளவு நீள மூக்கு, அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது, தெரியக் கூடாதென்று கூரையில் ஒட்டியிருந்த, பல் தேய்க்கும் முயல் படத்தைப் பார்த்தார், சொல்ல வேண்டியதை ஊசிக்கு முன்பே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும், காலையில் சவரம் செய்யும்போது எவ்வளவு அழகாக வந்தது, 'மாப்ள, அந்தக் கம்பெனி விஷயத்துல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், இனிமே அதுல போடாத', அவ்வளவுதான், ஒரு கன்னம் வழிப்பதற்குள் முடிந்துவிட்டது, ஆனால் வாசலில் கால் வைத்ததும் இவன் ஓடிவந்து தோளில் கை போட்டு, "எங்க மாமா, இவர் பேச்சைக் கேட்டுத்தான் நாலு காசு பாத்தேன்" என்று வீங்கின கன்னங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தான், அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? சொல்லாமலும் எப்படி இருப்பது? ரெண்டாவது நாற்காலி வாங்க பேங்க் கொடுத்த கடன் முழுவதையும் இன்றைக்கு அந்தக் கம்பெனிப் பங்கில் கொட்டப் போவதாக அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான், அவளும் அதை ஒரு நல்ல செய்திபோல அவரிடம் சொன்னாள்.

நாலு காசு, அங்கேதான் எரிகிறது… அன்றைக்கு இவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை, எல்லோரும் இருந்தார்கள், இவன்தான் ஆரம்பித்தான், "மாமாவுக்கென்ன, செத்தவங்களப் பத்திப் பேசினா சம்பளம், நமக்கு உயிரோட இருக்கிறவன் வாயில கை விடணும்", ஒரே சிரிப்பு, அவர் மனைவியும் சிரித்தாள், கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள், அந்தச் சூட்டில்தான் அவர் போனை எடுத்தார், குழாய் செய்கிற ஏதோ ஒரு கம்பெனி, அதன் பத்து வருஷத்து விலையை ஓர் இணையதளத்தில் பார்த்து வைத்திருந்தார், கோடு இரண்டாயிரத்து நானூறு வரைக்கும் ஏறிப்போய், அங்கிருந்து ஒரே நாளில், மலை விளிம்பிலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருநூற்று நாற்பதில் விழுந்து கிடந்தது, "கம்பெனி நல்லா ஓடுது, லாபம் குறையல, யாரோ பயந்து வித்திருக்காங்க, பின்னாடியே கூட்டம் ஓடியிருக்கு, வரலாறு படிச்சவனுக்குத் தெரியும், பழைய விலைக்கு வந்தே தீரும்", என்ன குரல் அது, வகுப்பறையில்கூட அந்தக் குரல் வந்ததில்லை, கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் அவருக்காக ஒரு மேசை அமைதியானது அன்றைக்குத்தான், இவன் கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தான், 'டிங்' என்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்பதற்காக அவர் எதையும் சொல்லியிருப்பார்… சொன்னார் என்பதுதான் இப்போது பிரச்சினை.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு இவன் குடைய ஆரம்பித்தான், பல்லைக் குடைகிறானா மண்டையைக் குடைகிறானா, உதவிப் பெண் உதட்டோரத்தில் ஒரு குழாயை மாட்டிவிட்டாள், அது வாயிலிருந்ததை எல்லாம் உறிஞ்சியது, சொல்ல நினைத்த வாக்கியத்தையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது போல, கருவிகள் அடுக்கிய தட்டில் கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவே இவன் தன் போனைச் சாய்த்து வைத்திருக்கிறான், முந்நூற்றுத் தொண்ணூறு, முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, பல்லைப் பாருடா பாவி, ஒரு நொடி பல்லைப் பார்க்கிறான் ஒரு நொடி விலையைப் பார்க்கிறான், தொண்ணூற்றிரண்டு… ஒரு சோப்புக் கட்டியைப் பத்துத் துண்டாக அறுத்தால் ஒரு துண்டின் விலை பத்தில் ஒன்றாகத்தானே இருக்கும், யாராவது அதைப் பார்த்து ஐயோ சோப்பு விலை விழுந்துவிட்டது என்று கூவுவார்களா? அவர் கூவினார், கம்பெனிக்காரர்கள் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்திருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம், அந்தப் பழைய அறிவிப்பு எதேச்சையாகக் கண்ணில் பட்ட அன்று, தான் பங்கு வாங்கிய ஆப்பில் பத்து வருஷக் கோட்டைத் திறந்து பார்த்தார், அங்கே பழைய விலையையெல்லாம் பத்தால் வகுத்து ஒழுங்காகப் போட்டிருந்தார்கள், மலையும் இல்லை பள்ளமும் இல்லை, சாதுவாக ஏறுகிற ஒரு கோடு, விழுந்து கிடக்கிறது என்று அவர் பரிதாபப்பட்ட நாளில் அந்தப் பங்கு தன் ஆயுளிலேயே உயரமான படியில் நின்றுகொண்டிருந்தது, வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்? அந்த அரசன் நெல்லை எந்தப் படியால் அளந்தான் என்று கேட்காமல் இன்றைய விளைச்சலோடு ஒப்பிடாதே, எழுதாதவனுக்கு மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறார், நாசமாய்ப் போக.

சரி, தெரிந்ததும் என்ன செய்தார்? மறுநாள் ஆசிரியர் அறையில், விடைத்தாள் கட்டுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்ததை மட்டும் விற்றார், சத்தம் போடாமல், இவனிடம் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம், விழட்டும் பிறகு சொல்லலாம்… விழட்டும்? ஆமாம், கொஞ்சம் விழட்டும், இவன் பிழைப்பு கெடாத அளவுக்கு, மேசையில் வாய் அடங்குகிற அளவுக்கு, ஆனால் அந்தச் சனியன் ஏறியது, முந்நூறு, முந்நூற்று நாற்பது, தப்பான காரணத்துக்கு இவனுக்கு மாலை, சரியான காரணத்துக்கு அவருக்குச் செருப்படி, தினமும் கண் விழித்ததும் போனை எடுத்துப் பார்த்து முகம் சுருங்குகிற அவரிடம், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று மனைவி கேட்கிறாள், என்ன சொல்வது, உன் தம்பி நன்றாக இருக்கிறான், அதுதான் எனக்கு நோய் என்றா?

"டாக்டர், நானும் கொஞ்சம் போட்டுடவா?" உதவிப் பெண் கேட்டாள், குழாயைப் பிடித்த கை அசையவில்லை, "சம்பளத்துல சேத்தது கொஞ்சம் இருக்கு. சார் படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்." "தாராளமாப் போடும்மா, இரண்டாயிரத்து நானூறுல இருந்தது அது, இன்னும் பாதி தூரம்கூட வரல" என்கிறான் இவன், அவருடைய வாக்கியம், அவருடைய அதே ஏற்ற இறக்கம், அதை அடுத்தவன் வாயில் கேட்க எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது, அவர் இடது கையைத் தூக்கினார், நன்றாக, வகுப்பில் பதில் தெரிந்த பையன் தூக்குகிற மாதிரி, எந்திரம் நின்றது, "வலிக்குதா மாமா? அதுக்கென்ன" என்று இவன் இன்னொரு ஊசியைப் போட்டான்… வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யோக்கியமாக இருக்கக் கை தூக்கியதற்குக் கிடைத்த கூலி. மறுபடி தூக்கலாமா? தூக்கினால் மூன்றாவது எறும்பு. முயல் பல் தேய்த்துக்கொண்டே இருந்தது, அதற்கென்ன, அதற்கு மச்சினன் இல்லை.

"முடிஞ்சுது, பஞ்சை அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டு இருங்க, துப்பாதீங்க." நாற்காலி நிமிர்ந்தது, மேலுதடு யாருடையதோ போலத் தொங்கியது, இவன் கையுறையைக் கழற்றினான், தட்டிலிருந்த போனை எடுத்தான், கட்டைவிரல் 'வாங்கு' என்ற பொத்தானை நோக்கிப் போகிறது, சந்தை மூடுவதற்குள் போட வேண்டுமாம், விடு, போடட்டும், யார் கேட்டது, உனக்கென்ன… அவர் கை தானாகவே போய் இவன் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கையால் தன் போனைத் திறந்தார், ஒழுங்காக வகுத்துப் போட்ட கோட்டை எடுத்தார், பெரிதாக்கி இவன் முகத்துக்கு நேரே நீட்டினார், விரலை வைத்துக் காட்டினார், இங்கே பார், பிரித்த நாள், பள்ளமே இல்லை, இரண்டாயிரத்து நானூறு என்று ஒன்று இருந்ததே இல்லை, பத்து விரலையும் விரித்துக் காட்டினார், ஒன்று, பத்து, ஒன்று, பத்து, ஊமை நாடகம் மாதிரி, உதவிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இவனுக்குப் புரிந்துவிட்டது. மடையன் இல்லை, எப்போதுமே மடையன் இல்லை, அதுதானே தொல்லை, முகக்கவசத்தைக் கீழே இழுத்துக்கொண்டு கோட்டையே பார்த்தான், அப்புறம் விரலை வைத்தான், பிரித்த நாளில் இல்லை, அதற்கு வெகுதூரம் தள்ளி.

"இந்தப் பச்சைப் புள்ளி என்ன மாமா? நீங்க வாங்கினதா?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப இந்தச் செவப்பு?"

வாங்கிய நாளையும் விற்ற நாளையும் இந்தப் பாழாய்ப்போன ஆப் கோட்டிலேயே குறித்து வைக்கும் என்பது எப்படி மறந்துபோனது, அவரே எத்தனை இரவு அந்தச் சிவப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறார், இந்தப் பல் உடைந்ததே அதனால்தானோ என்னவோ… அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், மரத்துப்போயிருக்கிறது, பஞ்சு வேறு, பேச முடியாது என்று கையை விரித்தார். இவன் சிரிக்கவில்லை, அவரை வைத்து ஏதாவது நகைச்சுவை சொல்ல மாட்டானா என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஏங்கினார்.

"மேல் பல்லுக்குத்தான் ஊசி போட்டேன்" என்றான் இவன், மெதுவாக, வெளியே இருந்த யாருக்கும் கேட்காத குரலில். "நாக்கு மரக்காது மாமா. சொல்லுங்க, எப்பலேருந்து தெரியும்?"

அவர் நாக்கை அசைத்துப் பார்த்தார். பஞ்சின் ஓரத்தைத் தொட்டது, மருந்தின் கசப்புத் தெரிந்தது, உடைந்த பல்லிருந்த இடத்தின் புதிய வெறுமையும் தெரிந்தது, நுனிவரை உயிர் இருந்தது, ஊசி போட்டபோதும் இருந்திருக்கிறது, வாசலில் தோளில் கை விழுந்தபோதும், விடைத்தாள் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதும்… அவர் பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தார்.