சேர்மனுக்குக் கொட்டையில்லாத திராட்சை

1

இந்தக் கதை ஒரு சுவரொட்டியிலிருந்து வந்தது. போன மாதம் என் நாய்க்கு ஊசி போடப் போயிருந்தேன். மருத்துவர் அறைச் சுவரில் நாய்க்கு எந்தப் பழம் தரலாம் என்று ஒரு பட்டியல். வாழைப்பழம், சிறு துண்டுகளாக. ஆப்பிள், விதை நீக்கி. தர்பூசணி, விதையும் தோலும் நீக்கி. கடைசியில் சிவப்பு எழுத்தில்: திராட்சை ஒன்றுகூடக் கூடாது, சிறுநீரகம் கெட்டு நாய் இறந்துபோகலாம்.

திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன் நான். சுவரில் எது ஒட்டியிருந்தாலும் எழுத்துப்பிழை தேடித்தான் படிப்பேன். அதில் பிழை இல்லை. ஆனால் கடைசி வரியை மறுபடி படித்தேன். நாய்க்குப் போடவேண்டிய ஊசியைப் போட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அண்ணாமலையின் நிழல் விழும் தேரடி வீதியில்…' அடித்துவிட்டேன். கதை நடப்பது காலை பதினொரு மணிக்கு. அப்போது மலையின் நிழல் அந்தப் பக்கம் விழாது.

இரண்டாவது: 'நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது…' இது பள்ளிக்கூடக் கட்டுரை. இதையும் அடித்தேன்.

மூன்றாவது: 1984. தேரடி வீதியில் சக்கரவர்த்தி தள்ளுவண்டியில் பழம் விற்றார். பக்கத்தில் பச்சையம்மாள் பூ விற்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு நாய் இருந்தது.

இது இருக்கட்டும்.

3

நாயின் பெயர் சேர்மன். நாள் முழுக்க வண்டி நிழலில் படுத்திருக்கும், போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்துவிட்டுப் போவார்கள், அது எந்த வேலையும் செய்யாது. அதனால் அந்தப் பெயர்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு சேர்மன் ஒரு மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. சக்கரவர்த்தி அதை ரிக்‌ஷாவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். டாக்டர் வயிற்றைக் கிழித்துக் கொட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "இனிமே கொட்டையோட எதையும் குடுக்காதய்யா" என்றார்.

அன்றிலிருந்து சக்கரவர்த்தி எதையும் கொட்டையோடு கொடுக்கவில்லை. தர்பூசணி விதையைத் தீக்குச்சியால் தள்ளுவார். கொய்யா விதையை ஊக்கால் ஒவ்வொன்றாக எடுப்பார். அர்ச்சனைக்குப் பழம் வாங்க வந்தவர்கள் தட்டோடு நிற்பார்கள்.

"ஏண்ணா, சாமிக்கு வாங்கறவங்க நிக்கறாங்க. நீ நாய்க்குக் கொய்யா நோண்டிக்கினு இருக்கிறியே!" என்பார் பச்சையம்மாள்.

"சாமிக்கு வவுறு வலிக்காதும்மா" என்பார் சக்கரவர்த்தி.

(இங்கே அவர் தனிமையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தது நினைவுக்கு வந்ததால் எடுத்துவிட்டேன். அவருக்கு அந்த நாயைப் பிடிக்கும். அவ்வளவுதான்.)

4

அந்த மாசி மாதம் வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே பச்சைத் திராட்சை. அதுவரை அவர் விற்றதெல்லாம் கொட்டையுள்ள கறுப்புத் திராட்சை. இதில் ஒன்றைக் கடித்தார், இன்னொன்றைக் கடித்தார், மூன்றாவதைப் பிளந்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கொட்டையே இல்லை.

அப்போது வாழைப்பழம் வாங்க ஒரு வாடிக்கையாளர்* வந்தார்.

"இதுல கொட்டையே இல்ல சார். சேர்மனுக்குக் குடுக்கலாமில்ல?"

"கொட்டை இல்லன்னா அப்புறம் இன்னா? தாராளமா குடுங்க" என்றார் வாடிக்கையாளர்.

சக்கரவர்த்தி ஒரு குலையை அப்படியே உதிர்த்துப் போட்டார். ஊக்கு இல்லை, தீக்குச்சி இல்லை. இரண்டு வருடத்தில் அன்றுதான் அவர் பயமில்லாமல் அந்த நாய்க்கு ஊட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எழுதித்தான் ஆகவேண்டும், எழுதக் கை வரவில்லை.

* முதல் வரைவில் இவர் குடை வைத்திருந்த ஒரு குண்டு மனிதர். இரண்டாவதில் கணக்கு வாத்தியார். இவரை அப்புறம் கவனிக்கலாம்.

5

மறுநாள் சேர்மன் வாந்தி எடுத்தது. அதற்கடுத்த நாள் எதையும் தொடவில்லை. வழக்கமான விளக்குக் கம்பத்துக்கும் போகவில்லை. ஐந்தாம் நாள் வண்டிக்கு அடியிலேயே செத்துப்போனது. டாக்டர் ஏதோ விஷம் என்றார்.

சக்கரவர்த்தி தான் கொடுத்ததையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒன்றிலும் கொட்டை இல்லை. அப்படியானால் தப்பு தன்னுடையது இல்லை. தினமும் காலையில் அதற்கு இட்லி போட்டவர் பச்சையம்மாள்.

"நீதான் எதையோ போட்டுட்ட."

"நானாண்ணா? இட்லிதானே போட்டேன். அதையேதான் நானும் தின்னேன்."

"அப்ப எப்படிச் செத்தான்? சொல்லு."

அது எப்படி என்று 1984இல் எந்த டாக்டருக்கும் தெரியாது. பச்சையம்மாள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கோயிலின் மேற்குப் பக்கம் பேய்க்கோபுர வாசலுக்குப் போய்விட்டார். நாய்க்கு விஷம் வைத்தவள் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சக்கரவர்த்தி சாகும்வரை அந்தக் காலி இடத்தில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. பச்சையம்மாளைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

6

அந்த வாடிக்கையாளர் நான்தான்.

அச்சகம் எதிரே இருந்தது. தினமும் பதினொரு மணிக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கப் போவேன். படித்தவன் என்று என்னைக் கேட்டார், சொன்னேன். நாய் செத்த பிறகு அவர் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டார், என்னைத் தவிர. எனக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. அந்தச் சண்டையைப் பழத்தை உரித்துக்கொண்டே நின்று பார்த்தேன்.

7

முடிவு அ: வேலூரிலிருந்து வரும் வழியில் திராட்சைப் பெட்டி பஸ்ஸின் கூரையிலிருந்து விழுந்து நசுங்குகிறது. நாய் பிழைக்கிறது, நான் பொய்யனாகிறேன். நாய்க்காகப் பரவாயில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

முடிவு ஆ: பச்சையம்மாள் இப்போது கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போய், "அது உங்க இட்லி இல்லம்மா, திராட்சை" என்கிறேன். அவர் கேட்கிறார்: "அதைக் குடுக்கச் சொன்னது யாரு சார்?" நான்

(இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். 'நான்' வரைக்கும்தான் வருகிறது.)

8

ஆகவே கதையை இங்கே நிறுத்துகிறேன். தேரடி வீதி, காலை பதினொரு மணி. பச்சையம்மாள் தன் இடத்தில் பூ கட்டிக்கொண்டிருக்கிறார். சேர்மன் எழுந்து வாலை ஆட்டுகிறது. சக்கரவர்த்தியின் கையில் ஒரு குலை.

"இதுல கொட்டையே இல்ல சார். சேர்மனுக்குக் குடுக்கலாமில்ல?"

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கப்போவதில்லை. சுவரொட்டியை நீங்களும் படித்துவிட்டீர்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார், பதில் சொல்லுங்கள்.