தொட்டிக்குள் இறங்காத பெண்

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிண்டிச் சால் ஓட்டிக்கொண்டிருந்தாள் முத்தழகு. புதுவயல் அரிசி மில்லில் அன்று ஆவியும் வெயிலும் சேர்ந்தே ஏறின. பக்கத்துச் சாலில் அம்மாக்கண்ணு தலைத்துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, மேஸ்திரியைப் போலக் கத்தினாள்.

"ஏய் முத்தழகு! வாயில என்ன, கொழுக்கட்டையா? பதில் சொல்லு!"

"மு... முடியாதுண்ணே."

"பூனைக்குட்டிகூட இதவிடச் சத்தமாக் கத்தும். இன்னொரு தடவ சொல்லுடி."

இருவரும் சிரித்தார்கள். மூன்று மாதமாக நடக்கிறது இந்தப் பயிற்சி. ஆண்குரல் உயர்ந்தால் முத்தழகுக்குத் தொண்டை அடைத்துவிடும். எட்டு வயதில் அவளை இதே மில்லில் நெல் ஊறவைக்கும் இரும்புத் தொட்டிக்குள், அடியில் ஒட்டியதைச் சுரண்ட இறக்கிவிட்டு, ஆள் இருப்பதை மறந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கழுத்துவரை ஏறிய பிறகுதான் தூக்கினார்கள். அலறியதற்கு அன்றைய மேஸ்திரி அறைந்தார். அதன்பின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதட்டினால் வாய் திறக்காது. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். இப்போதும் கதவைச் சாத்தினால் தூக்கம் வராது. புருஷன் பாண்டிமுருகன் ஏனென்று கேட்டதில்லை. கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுப்பான். நடந்ததை அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அம்மாக்கண்ணுவிடம்தான்.

பதினோரு மணிக்கு மேஸ்திரி சின்னக்கருப்பன் வந்தான். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. முத்தழகின் மகள் தீபலட்சுமி வேப்பமரத்தடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"தொட்டி அடியில நெல்லு ஒட்டிக்கிட்டு நாறுது. அந்த வாயில பெரிய ஆளு நுழைய முடியாது. ஏ புள்ள, இங்குட்டு வா. பத்து நிமிசம் உள்ள எறங்கிச் சொரண்டிட்டு வந்துரு."

தீபலட்சுமி பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள்.

முத்தழகு காலை நெல்லுக்குள் அழுத்தி ஊன்றினாள். சூடு உள்ளங்காலில் ஏறியது.

"முடியாதுண்ணே."

"என்னாது?"

"எம்மக எறங்க மாட்டா. நீ ஒக்காந்து வரைடி."

"அப்ப நாளையிலருந்து நீ வேலைக்கு வராத!" சின்னக்கருப்பன் கத்திய கத்தலில் களத்துப் புறாக்கள் பறந்தன.

"நல்லாக் கத்துங்கண்ணே. எங்க அம்மாக்கண்ணு அக்கா ஒங்களவிட நல்லாக் கத்தும்." களம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எட்டு வயசுல என்னய இதுக்குள்ள எறக்குனீக. கழுத்து வரைக்கும் தண்ணி. எம்புள்ளைய எறக்க விடமாட்டேன்."

அம்மாக்கண்ணு களத்தைவிட்டு இறங்கினாள். "அவளுக்கு வேலை இல்லைன்னா எங்களுக்கும் இல்ல." பின்னாலேயே ஏழு பெண்கள் இறங்கினார்கள். கிண்டாத நெல் வெயிலில் வெடித்து, அரைக்கும்போது குருணையாகிவிடும். அது சின்னக்கருப்பனுக்கும் தெரியும். களத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி, சரி, ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க," என்று முனகிக்கொண்டே போனை எடுத்தான்.

மூன்று மணிக்குக் காரைக்குடியிலிருந்து வெல்டர் வந்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்றார். பெரிய ஆள் நுழையும் அகலத்துக்கு அதன் வாயை அரை மணி நேரத்தில் அறுத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

தொட்டி வாயிலிருந்து அறுந்து விழுந்துகிடந்த இரும்பு வளையம் ஆறியதும் முத்தழகு அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். நான்கு விரல் அகலம்தான்.