நாற்பத்தேழாம் எண் அட்டை

இளையவளின் டைரியில் ரத்தப்போக்கு என்ற கட்டத்தில் ஒன்பது டிக் இருந்தது. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை.

கருப்பையின் உள்தோல் மூன்று மில்லிமீட்டர். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவுதான். டாக்டரம்மா கருவியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ரத்தம் வருகிற இடமாகத் தெரியவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படுத்திருந்த இளையவள் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப யாருக்கும் பயம் இல்லையே டாக்டர்?"

யாருக்கும் என்றது பக்கத்தில் நின்ற ஆய்வு நர்ஸுக்கு உறுத்தியது. உனக்கு உன் வயிறுதானே, இதில் யாருக்கும் எங்கிருந்து வந்தது?

மாதவிலக்கு நின்ற பின் வரும் உடம்புக் கொதிப்புக்கான மருந்து ஆய்வுக்கு வரும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் கட்டம் சிஸ்டர். எத்தனை முறை உடம்பு கொதித்தது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், ரத்தம் பட்டதா என்று டைரியில் தினமும் நிரப்ப வேண்டிய கட்டங்களை விடாமல் துருவுவாள். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் மூன்று முறை சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புவாள். ஒன்பது நாள் டிக் போட்டவள் ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை?

தன் அறைக்குப் போய், அன்று காலை திருப்பிக் கொடுக்கப்பட்ட காலி மாத்திரை அட்டைகளை உறை உறையாக மேஜையில் கொட்டினாள். இளையவளும் அவளுடைய மூத்த ஓரகத்தியும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆய்வில் சேர்ந்ததும் ஒரே நாள். மூத்தவள் எண் நாற்பத்தாறு, இளையவள் நாற்பத்தேழு. மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு அட்டை, அட்டைக்குப் பதினான்கு மாத்திரை. ஓட்டைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. மூன்று மாதமாகச் சரியாகத்தான் இருந்தது.

அட்டையின் ஓரத்தில் அச்சடித்த எண்ணை அன்றைக்குத்தான் படித்தாள். மூத்தவளின் உறையில் ஒன்று நாற்பத்தாறு, ஒன்று நாற்பத்தேழு. இளையவளின் உறையிலும் அப்படியே.

மூன்று மாதமாக ஓட்டையைத்தானே எண்ணினேன், இதை ஏன் பார்க்கவில்லை?

இளையவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு அட்டைகளையும் முன்னால் தள்ளினாள். இளையவள் முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு சொன்னாள். வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டால் ஒருத்திக்காவது நிஜ மருந்து வந்திருக்கும், மற்றவள் மட்டும் ஏன் வேகணும் என்று ஆளுக்கு ஓர் அட்டையை மாற்றிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகுதான் மூத்தவளுக்குத் தூக்கமே வந்ததாம். தையல் வேலை செய்கிறவள், வியர்வைக் கை பட்டுத் துணி கறையாகி வாடிக்கைக்காரர்களிடம் பேச்சு வாங்கியதெல்லாம் நின்றுபோனதாம்.

"டைரியையும் மாத்திக்கிட்டீங்களா?"

இளையவளின் கண் நிரம்பியது. மூத்தவள் துணி ஊறவைத்த வாளியில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, வெளியே சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், சொன்னாயானால் உன்னோடு பேச்சே கிடையாது என்றாளாம் மூத்தவள்.

"அதான் நான் யார்கிட்டயும் சொல்லல சிஸ்டர். என் டைரில எழுதினேன். ரெண்டு பேரும் ஒரே மாத்திரைதானே சாப்பிடறோம்? எனக்குப் பாத்துச் சொன்னா அக்காவுக்கும் அதேதானேன்னு…"

"மாத்திரை ஒண்ணா இருக்கலாம்மா. வயிறு ரெண்டு."

மூத்தவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் இவ்வளவு நேரம் உள்ளே என்ன கதை அளக்கிறாள், பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று அலுத்துக்கொண்டாள். நர்ஸ் நாற்பத்தேழாம் எண் அட்டையையும் இளையவளின் டைரியையும் ரவிக்கையின் மேலேயே வைத்தாள்.

ஊசி நின்றது.

மூத்தவள் பக்கம் புரட்டி, கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினாள். ஒன்பதாவது டிக்கில் விரல் நின்றது.

"ஒன்பது இல்ல," என்றாள். "பதினேழு. அவளுக்குத் தெரிஞ்சது ஒன்பது."

நர்ஸ் அவள் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். மூத்தவள் எழவில்லை.

"என்னை எடுத்துடுவீங்க இல்ல?"

"எடுத்துடுவாங்கக்கா. ரெண்டு பேரையும்."

"திரும்ப வேகணும்."

"கொதிப்புக்கு வேற வழி பாக்கலாம். இதைப் பாக்காம விட்டா அப்புறம் எதுக்குமே வழி இருக்காது. வாங்க."

ஊசியை ரவிக்கையிலேயே குத்தி வைத்து, அதைப் பைக்குள் மடித்துப் போட்டு, பிறகுதான் எழுந்தாள்.

அதே மேஜை, அதே கருவி. இந்த முறை டாக்டரம்மா கருவியை ஒரே இடத்தில் நிறுத்தி அளந்தார். நர்ஸ் திரையைப் பார்த்தாள். பதினான்கு மில்லிமீட்டர். இளையவள் தலைமாட்டில் நின்று எண்ணைப் படித்துவிட்டு, தன்னுடையது மூன்று என்று சொன்னார்களே என்று நர்ஸின் முகத்தைத் தேடினாள். அன்றைக்கே உள்தோலில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாலையில் நர்ஸ் தவறுகளைப் பதியும் படிவத்தை எடுத்து, முதல் வரியில், அட்டை எண்ணைச் சரிபார்க்காதது நான் என்று எழுதினாள்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் செல்கள் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தன. மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று அட்டைகள் கலந்துபோன பிறகு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். கருப்பையை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அறுவை அன்று காலை பச்சை அங்கியில் தள்ளுவண்டியில் படுத்திருந்த மூத்தவள், பையை இறுக்கிப் பிடித்தபடி கூடவே நடந்த இளையவளிடம் ஸ்கேன் எடுத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"இதுலயும் பாதி கேக்காதடி."

இளையவள் சிரிக்கவில்லை. கதவு வரைக்கும் வந்தாள்.