இருபத்திரண்டு நிமிடம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்தான். இரண்டாவது அலை அடித்த மே மாதம், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் இரண்டு அறை வீட்டில், வயலின் டிப்ளமோ தேர்வுக்கு நான் வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. நான்கு உருப்படிகளையும் இருபத்திரண்டு நிமிடம் ஒரே மூச்சில் வாசித்து அனுப்ப வேண்டும். நடுவில் எங்கும் வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. அதில் தேறினால்தான் இசைக் கல்லூரியில் இடம்.

ஒரு வருடமாகவே பாடம் எல்லாம் போனில்தான். நான் நீட்டி வாசிக்கும் ஸ்வரத்தை ஏதோ இரைச்சல் என்று நினைத்து போனே அமுக்கிவிடும். "வில்லு ஆடுது, சத்தத்தக் காணோமேம்மா" என்பார் ஜெபசீலன் சார், தாம்பரத்தில் தன் வீட்டிலிருந்து. என் வயலினுக்குத் துணையாக வரும் பியானோவைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன் பின்னால் நான் ஓட வேண்டும். அதற்கும் பழகிக்கொண்டேன்.

பழக முடியாதது அப்பாவின் மிஷின். ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பா சவுரிமுத்து, கொரோனாவில் படுத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியும் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மிஷின் நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று முனகும்.

பதினோரு தடவை எடுத்தேன். ஒன்றில் குக்கர் விசில், ஒன்றில் ஆம்புலன்ஸ், ஒன்றில் ஏர்ஃபோர்ஸ் விமானம். பத்தாவது நன்றாக வந்தது என்று அனுப்பினால், "பின்னாடி ஒரு சத்தம் உன் வயலினோட சண்டை போடுதேம்மா" என்றார் சார். பதினொன்றாவதில், கடைசிப் பக்கத்தில், அப்பா இருமினார். கதவைத் திறந்து கத்தினேன்.

"அப்பா, ஒரு இருபது நிமிஷம் இருமாம இருக்க முடியாதா? அந்த மிஷின் வேற, சனியன்!"

"சாரி பாப்பா," என்றார்.

என் அப்பா என்னிடம் சாரி சொன்னார். இந்த நாக்கு அன்றே அழுகி விழுந்திருக்கலாம்.

மறுநாள்தான் வீடியோ அனுப்பக் கடைசி நாள். பத்து மணிக்குக் கடைகளை மூடிவிடுவார்கள் என்று அம்மா காலையிலேயே வரிசையில் நிற்கப் போய்விட்டாள். நான் அப்பாவின் அறைக் கதவைச் சாத்தி, அடியில் இருந்த இடைவெளியில் இரண்டு துண்டுகளைத் திணித்தேன். போனை ஓடவிட்டு, என் பெயரையும் வாசிக்கப்போவதையும் உரக்கச் சொன்னேன். வில்லைத் தூக்கியபோது வீடே அமைதியாக இருந்தது. துண்டு வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அன்று வாசித்ததுபோல் நான் அதற்கு முன் வாசித்ததில்லை.

முடித்ததும் உள்ளே ஓடினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"அப்பா, சூப்பரா வந்துச்சு!"

அவரால் பேச முடியவில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார். என் வாசிப்பில் உருகிவிட்டார் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள், சரிதான்.

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் மிஷினை எடுத்துப்போக ஒருவர் வந்தார். "மிசின் நல்லாத்தான் கீது மேடம்," என்று ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, சுவிட்சை அணைத்தார். 'டக்'. முனகல் நின்றது.

அந்தச் சத்தத்தை நான் எங்கோ கேட்டிருந்தேன். போனை எடுத்து வீடியோவைப் போட்டேன். என் பெயரைச் சொல்கிறேன். பின்னால் மெல்லிய முனகல். வில்லைத் தூக்குவதற்குச் சற்று முன், 'டக்'. அப்புறம் இருபத்திரண்டு நிமிடம் என் வயலினும் பியானோவும் மட்டும். ஒரு இருமல் இல்லை. எதைக் கடித்துக்கொண்டு அடக்கினாரோ.

நுரையீரலா, அந்த இருபத்திரண்டு நிமிடமா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை இல்லை.

முதல் தரத்தில் தேறினேன். ஒலிப்பதிவு மிகச் சுத்தம் என்று தேர்வாளர் தனியாகக் குறிப்பு எழுதியிருந்தார். கல்லூரியில் இடமும் கிடைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறாள். "அவர் கடைசியா கேட்டது இதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். போன ஞாயிறு பூசை முடிந்து வந்த சித்தியிடம் காட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஜோஸி, ஆரம்பத்துல டக்குனு ஏதோ சத்தம் வருது பாரு. நல்ல வீடியோவக் கெடுக்குது. அத மட்டும் வெட்டிடேன்."

"வெட்டக்கூடாதும்மா," என்றேன். "அது ரூல்."