மயக்கம் என்றால் எந்த மயக்கம்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் வராது.

காலையில் குடும்பக் கதை எழுதுகிறேன். மதியம் போனில் மொழிபெயர்க்கிறேன். நாடு விட்டு ஓடிவந்து, தங்கள் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் அழைத்து நலம் விசாரிப்பார். இடுப்பு வலிக்கிறதா, சாப்பிட நேரம் கிடைக்கிறதா என்று கேட்பார். நடுவில் நான். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: அவர்கள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அவர்கள் வலி என் வாயில் என் வலியாகத்தான் வெளியே போகும்.

2

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்

வேண்டாம். மழையும் இல்லை, மாலையும் இல்லை. [என் கதைகளில் மழை பெய்தால் யாரோ யாரையோ காதலிக்கப் போகிறார்கள்.]

பகல் இரண்டரை மணி. அந்தப் பெண்களில் ஒருத்தி போனில் இருந்தாள். அவள் பொறுப்பிலிருந்த மூன்று குழந்தைகளில் இருவர் தூக்கம். பத்து மாதக் குழந்தை மட்டும் அவள் இடுப்பில். அவனுக்கு அவள் வைத்த பெயர் குண்டு. அவன் மூச்சு எனக்குப் போனில் கேட்டது. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று நர்ஸ் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“அப்பப்ப மயக்கமா வருதுக்கா. நேத்து குண்டுவைக் குளிப்பாட்டறப்ப வந்துச்சு.”

3

நர்ஸின் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள். ஒன்று தலை சுற்றுவது, மற்றது நினைவு தப்புவது. நம் மயக்கம் இரண்டையும் ஒரே சேலையால் போர்த்திவிடும். காதலையும் சேர்த்து.

(நான் எழுதிய பதினோரு நாவல்களிலும் ஒருத்தி மயங்கி விழுந்தால், அடுத்த அத்தியாயத்தில் மாமியார் இனிப்போடு வருவாள். “உன் கதைல மயக்கத்துக்கு டாக்டரே வேண்டாம்” என்பார் என் கணவர்.)

இன்னொரு விதிப்படி, எந்த மயக்கம் என்று அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நர்ஸ் இணைப்பில் வருவதற்கு முன் அவள் சொல்லியிருந்தாள்: குழந்தை பார்க்கும் லைசென்ஸ் போனால் வேலை போகும், அந்த வேலையை வைத்துத்தான் இங்கே தங்க அனுமதி. “இன்னொரு தடவை மூட்டை கட்ட எனக்குத் தெம்பில்லக்கா.”

சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். “எனக்குத் தலை சுற்றுகிறது” என்றேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மெதுவாக எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார்.

4

நர்ஸை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. என்னிடம்கூட சாப்பிட்டாயா என்று கேட்கிற மனுஷி அவர். உண்மை தெரிந்தால் மாற்று ஆள் அனுப்பி, பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, லைசென்ஸையும் காப்பாற்றித் தரலாம். தராமலும் போகலாம். எது என்று எனக்குத் தெரியாது.

அவளை ஒன்றும் தெரியாத அப்பாவியாக எழுதியதும் பொய். நர்ஸ் போனை வைத்த பிறகு எங்கள் இருவருக்கும் அரை நிமிடம் கிடைத்தது.

“கண்ணு தெறந்தப்ப குழாய் ஓடிட்டே இருந்துச்சு. குண்டு என் கை மேல சாஞ்சிருந்தான். தாடை வரைக்கும் தண்ணி. சிரிச்சிட்டிருந்தான்.”

ஏன் இதை நர்ஸிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னேனேக்கா. மயக்கம்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?”

5

முடிவு ஒன்று: வெறும் இரத்தசோகை. மாத்திரையில் சரியாகிறது. குண்டு நடக்கக் கற்றுக்கொள்கிறான். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எழுதி, அழித்தேன்.

முடிவு இரண்டு: ‘தொட்டியில் தண்ணீர்

[இதற்கு மேல் கை போகவில்லை.]

மூன்றாவது முடிவு என் கையில் இல்லை. இரண்டு வாரம் ஓடிவிட்டது. நர்ஸை நானே அழைத்திருக்கலாம். தினமும் போனை எடுத்தேன், வைத்தேன், இதை எழுதினேன். கதை எழுதுவது எவ்வளவு வசதியான கோழைத்தனம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்று இரண்டரை மணி. மூவரும் இணைப்பில் இருக்கிறோம். தலைச்சுற்றல் எப்படி இருக்கிறது என்று நர்ஸ் கேட்கிறார். நான் தமிழில், “மயக்கம் எப்படி இருக்கு?” என்கிறேன்.

“உங்களுக்குத்தான் தெரியுமேக்கா. நீங்களே சொல்லுங்க” என்கிறாள்.

அவள் பின்னால் குழாய் ஓடுகிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரா, தொட்டி நிரம்புகிற தண்ணீரா, தெரியவில்லை. குண்டுவின் மூச்சைத் தேடுகிறேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

நர்ஸ் காத்திருக்கிறார். இவ்வளவு தூரம் இதைப் படித்துக்கொண்டு என்னோடு வந்தவர் நீங்கள். போனை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சொற்களும் உங்களுக்குத் தெரியும்.

விதியை மறந்துவிடாதீர்கள். ‘நான்’ என்றுதான் தொடங்க வேண்டும்.